ஆர்.கே.நகர்: குக்கருக்கு முன்னாடியும் ஒரு கதை இருக்கு

ஆர்.கே.நகர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? குக்கர். அடுத்து? இருபது ரூபாய் நோட்டு. சரியா?

நான் அந்தத் தொகுதிக்காரன். காலேஜ் சேர்ந்த முதல் வாரம் ஹாஸ்டலில் "எந்த ஏரியா?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அப்போ உங்க வீட்டுக்கு எவ்ளோ வந்துச்சு?" என்பதுதான் அடுத்த கேள்வி. அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஆனால் அதே கேள்வி மூன்று வருஷமாகத் துரத்துகிறது. அதனால் ஒருநாள் உட்கார்ந்து பழைய தேர்தல் முடிவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பார்த்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

முதலில் இடம். முழுப்பெயர் டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர். வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 11-வது எண். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், ரயில்வே கேட்டில் காத்திருக்கும் பைக்குகள், குடம் வரிசை. இதுதான் எங்கள் ஊர்.

காற்று எந்தப் பக்கம்?

இந்தத் தொகுதியின் முதல் தேர்தல் 1977-ல். ஜெயித்தவர் அ.தி.மு.க.வின் ஐசரி வேலன், சினிமா நடிகர். ஆட்சிக்கு வந்தவர் எம்.ஜி.ஆர். 1984-ல் எம்.ஜி.ஆரோடு கூட்டணி வைத்த காங்கிரஸ் இங்கே ஜெயித்தது. 1989-ல் தி.மு.க.வின் சற்குணம், ஆட்சியும் தி.மு.க. 1991-ல் அ.தி.மு.க.வின் மதுசூதனன், ஆட்சியும் அ.தி.மு.க. 1996-ல் மறுபடி சற்குணம், மறுபடி தி.மு.க. ஆட்சி. 2001-ல் அ.தி.மு.க.வின் சேகர்பாபு, 2011-ல் வெற்றிவேல், 2016-ல் ஜெயலலிதா, 2021-ல் தி.மு.க.வின் எபினேசர். எல்லாமே அந்தந்த வருஷம் கோட்டையைப் பிடித்த பக்கம்தான்.

தப்பியது இரண்டே முறை. 1980-ல் காங்கிரஸ் இங்கே ஜெயித்தது, ஆட்சி எம்.ஜி.ஆருக்குப் போனது. 2006-ல் சேகர்பாபு இரண்டாம் முறை ஜெயித்தார், ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. ஆக 11 பொதுத்தேர்தல்களில் 9 முறை, மாநிலம் போன வழியில்தான் ஆர்.கே.நகரும் போயிருக்கிறது.

இதில் ஒரு குட்டிக் கதை உண்டு. அ.தி.மு.க. சார்பில் இரண்டு முறை ஜெயித்த சேகர்பாபு, 2011-ல் தி.மு.க. வேட்பாளராக அதே தொகுதியில் நின்றார். தோற்றார். தெரிந்த முகம் என்பதற்காக மட்டும் எங்கள் ஜனங்கள் ஓட்டுப் போட்டுவிடவில்லை.

ஒரே வேட்பாளர், 63 ஆயிரம் ஓட்டு வித்தியாசம்

2015 மே மாதம் சொத்துக்குவிப்பு வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. அவர் மறுபடி சட்டமன்றத்துக்குள் வர ஒரு தொகுதி வேண்டும். வெற்றிவேல் ராஜினாமா செய்தார், ஜூனில் இடைத்தேர்தல் வந்தது. ஜெயலலிதா வாங்கிய ஓட்டு 1,60,432. அடுத்து வந்த இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் மகேந்திரனுக்கு 9,710.

பதினோரு மாதம் கழித்து, 2016 மே பொதுத்தேர்தல். அதே ஜெயலலிதா, அதே தொகுதி. இந்தத் தடவை 97,218. அதாவது 63,214 ஓட்டு குறைவு! தி.மு.க.வின் சிம்லா முத்துச்சோழன் 57,673 வாங்கினார்.

ஜனங்க மனசு மாறிடுச்சா? அவசரப்படாதீங்க. 2015-ல் தி.மு.க. போட்டியிடவே இல்லை. எதிரில் பெரிய கட்சி இல்லாத பரீட்சையில் வாங்கிய மார்க்கையும், இருக்கும்போது வாங்கிய மார்க்கையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. "வரலாறு காணாத வெற்றி" என்று போஸ்டர் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, எதிரில் நின்றது யார் என்பதைத்தான்.

அந்த 2017

2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். கட்சி உடைந்தது, இரட்டை இலை முடக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 12-ல் நடக்க வேண்டிய இடைத்தேர்தலில் தினகரனுக்குத் தொப்பி, மதுசூதனனுக்கு இரட்டை மின்கம்பம். ஓட்டுப்பதிவுக்குச் சில நாள் முன்பு, பணப்பட்டுவாடா புகாரால் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது.

மறுபடி டிசம்பர் 21-ல் நடந்தது. இப்போது இரட்டை இலை மதுசூதனனிடம். சுயேச்சையாக நின்ற தினகரனுக்குக் குக்கர். மொத்தம் 59 வேட்பாளர்கள், கூடவே நோட்டா. ஒரு ஓட்டு யூனிட்டில் 16 பட்டன்தான் என்பதால், ஒவ்வொரு சாவடியிலும் நான்கு யூனிட்களை இணைத்து வைக்க வேண்டியிருந்தது.

முடிவு: தினகரன் 89,013. மதுசூதனன் 48,306. தி.மு.க.வின் மருது கணேஷ் 24,651. பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காததால் தி.மு.க. டெபாசிட் இழந்தது. பா.ஜ.க.வுக்கு 1,417, நோட்டாவுக்கு 2,373.

இப்போ நம்ம பாணியில் ஒரு மெட்டீரியல் பேலன்ஸ் போடலாம். 2016-ஐ விட அ.தி.மு.க. இழந்தது 48,912. தி.மு.க. இழந்தது 33,022. கூட்டினால் 81,934. புதிதாக வந்தவர் வாங்கியதோ 89,013. கிட்டத்தட்ட நெருங்கி வருகிறது இல்லையா? ரகசிய ஓட்டு என்பதால் யார் ஓட்டு எங்கே போனது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆளுங்கட்சி மீதும், பிரதான எதிர்க்கட்சி மீதும் ஒரே நேரத்தில் நம்பிக்கை சரிந்திருக்கிறது என்பது வரைக்கும் எண்கள் காட்டுகின்றன.

பணம் விளையாடவே இல்லை என்று சொல்ல வரவில்லை. புகார்கள் இருந்தன, தேர்தலே ரத்தானது. ஆனால் சட்டப்படி ஓட்டுக்குப் பணம் வாங்குவது மட்டும் குற்றம் இல்லை, கொடுப்பதும் குற்றம். மீம்ஸ் மட்டும் ஏன் வாங்கினதாகச் சொல்லப்பட்டவர்கள் மேலேயே வந்தது?

அப்புறம்?

தினகரன் அடுத்த ஆண்டு புதுக்கட்சி தொடங்கினார். 2021-ல் கோவில்பட்டிக்குப் போய் நின்று தோற்றார். 2015 ஜூனிலிருந்து 2017 டிசம்பர் வரை, முப்பதே மாதத்தில் எங்கள் ஜனங்கள் மூன்று முறை வரிசையில் நின்றார்கள், நான்காவது ஒன்று ரத்தானது. டிவி கேமராக்கள் வந்தன, போயின. 2017-ல் எனக்குப் பள்ளிக்கூட வயசு. எங்கள் தெருவில் ஓபி வேன் நின்ற இடத்தில்தான் வழக்கமாகத் தண்ணீர் லாரி நிற்கும். அன்றைக்கு லாரி எங்கே நின்றது என்று எந்தச் சேனலும் கேட்கவில்லை.

எனக்கு இனிமேல்தான் முதல் சட்டமன்ற ஓட்டு. உங்களில் நிறைய பேருக்கும் அப்படித்தான். ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தொகுதியின் கடந்த நாலைந்து தேர்தல் முடிவுகளைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். படிவம் 20 என்று ஒன்று இருக்கும், அதில் சாவடி வாரியாகவே ஓட்டு விவரம் கிடைக்கும். யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை, எத்தனை ஓட்டு எங்கே நகர்ந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரை மணி நேர வேலை.

அதற்கப்புறம் என்னிடம் வந்து "எவ்ளோ வந்துச்சு?" என்று கேளுங்கள். "1977-லிருந்து சொல்லவா?" என்று கேட்டு உட்கார வைத்துவிடுவேன்.