உங்களுக்குத் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளும் போதையும்

● பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான். பெட்டிக் கடைக்காரருக்கு அது ஒரு பொருட்டா? ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு வேறு ரகம். மருத்துவர் சொல்லாமல் 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மதுவோ, புகையிலையோ, போதைப் பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். புகார் எழுதும் தலைமையாசிரியர்கள் இந்தப் பிரிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

● பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்படும் போதை எது? முகர்ந்து ஏற்றுவது. மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்காரர்களில் 1.17 சதவீதம். ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர் என எல்லாமே பக்கத்துக் கடைச் சரக்கு.

● அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை 1983-ல் 'டேர்' திட்டத்தைத் தொடங்கியது. சீருடைக் காவலரே வகுப்புக்கு வந்து பாடம் எடுப்பார். பெற்றோருக்கு ஏக திருப்தி. திட்டம் நாடு முழுக்கப் பரவியது. 1990-களில் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தால், பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பழக்கத்தில் பெரிய வித்தியாசமே இல்லை! பிறகு பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். பயமுறுத்துவது, வெறும் சொற்பொழிவு, மீண்டவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது ஆகியவற்றால் பலன் இல்லை என்றே ஐ.நா.வின் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. சர்வதேச போதை ஒழிப்பு தினமான ஜூன் 26 அன்று நம் பள்ளிகளில் நடப்பதோ பெரும்பாலும் உறுதிமொழியும் ஊர்வலமும்தான்.

● அதே அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1980-களின் நடுவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். வகுப்பைக் குழுக்களாகப் பிரிப்பது, ஒழுங்காக இருக்கும் குழுவுக்குப் பரிசு. அவ்வளவே, போதை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பையன்கள் 19, 20 வயதை எட்டியபோது, குறிப்பாகச் சிறுவயதில் முரடர்களாக இருந்தவர்களிடம், போதைச் சிக்கல் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

● ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியவர்கள். 2016-ல் 5 சதவீதம். எப்படி? முதலில் மாணவர்களிடமே ஆண்டுதோறும் பெயர் எழுதாத கேள்வித்தாள் கொடுத்து நிலவரத்தைத் தெரிந்துகொண்டார்கள். பள்ளி விட்ட பின் விளையாட்டு, இசை, நடனம் என்று நேரத்தை நிரப்பினார்கள். கட்டணத்துக்கு நகராட்சி பணம் கொடுத்தது. 13 முதல் 16 வயதுள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே சுற்றக் கூடாது என்ற சட்டத்தைப் பெற்றோர்களே ஒன்றுகூடி அமல்படுத்தினார்கள். இங்கே பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்ப்பவர்கள் கவனிக்க!

● மாணவர்களிடம் பழக்கம் இருக்கிறதா என்று அறிய, பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1999-ல் ஆறு கேள்விகள் வகுத்தார்கள். முதல் கேள்வி, 'போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா?' தனியாக இருக்கும்போது எடுத்தாயா, செய்தது மறந்து போனதா என்றும் வரும். இரண்டுக்கு 'ஆம்' என்றால் விரிவாகப் பேச வேண்டும் என்று பொருள், டி.சி. கிழிக்க வேண்டும் என்று அல்ல. பள்ளியைவிட்டு அனுப்பப்பட்ட பையனுக்குப் பகல் முழுக்கத் தெருதானே துணை?

● சென்னையில் போதை மீட்புச் சிகிச்சைக்கென 1980-லேயே டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

● போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. மூன்றும் கட்டணமில்லாத எண்கள். உங்கள் பிள்ளையின் பள்ளி அறிவிப்புப் பலகையில் இவை இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள்.