போஞ்சிக்காய்க் கசரோலும் நன்றி நவில் விருந்தும்

ஐக்கிய அமெரிக்க நாட்டார் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையன்று நன்றி நவில் திருநாள் கொண்டாடுவர். அன்று வீடுதோறும் விருந்து. நடுவே வான்கோழி வீற்றிருக்கும்; அதனைச் சூழ மசித்த உருளைக்கிழங்கும், கிரான்பெரிப் பழப்பாகும், பூசணிப் பணியமும் நிரல்பட அமையும். இவற்றின் பக்கத்தே, ஆழமான தட்டொன்றில், மேலே பொன்னிற வெங்காயமும் கீழே சாம்பல் கலந்த பச்சைக் குழைவுமாக ஒரு பண்டம் இருக்கும். அதுவே போஞ்சிக்காய்க் கசரோல். அதனைக் கண்டு மகிழ்வாரும் உளர். முகஞ் சுளிப்பாரும் உளர். "இதற்குப் பந்தியில் இடமளித்தவர் யார்?" என்னும் வழக்கு அந்நாட்டில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஒரு வழக்கம் எப்பொழுது மரபாகின்றது என்னும் பெரிய வினா இச்சிறிய வழக்கினுள் அடங்கியிருத்தலின், நாமும் சற்றே காது கொடுக்கலாம்.

முதலிற் பெயரை நோக்குவோம். தமிழாசிரியனுக்கு அது விடாத பழக்கம். கசரோல் என்பது பிரெஞ்சு மொழியிற் சமையற் பாத்திரமொன்றைக் குறிக்குஞ் சொல். பாத்திரத்தின் பெயர் அதனுள் வெந்த பண்டத்துக்காயிற்று. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். போஞ்சி என்பதோ ஒல்லாந்தர் ஈழத்தில் விட்டுச்சென்ற சொல். ஆயினும் காய் ஒல்லாந்துக்குரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலே தோன்றி, ஐரோப்பியர் வாயிலாகப் பிற நாடுகளுக்குப் பரவியது அது.

பண்டம் பிறந்த ஆண்டு 1955. பிறந்த இடம், நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரில் இருந்த கம்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையற்கூடம். எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய பொருள்களைக் கொண்டு ஆக்கத்தக்க எளிய உணவொன்று வேண்டுமென அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கேட்க, அக்கூடத்திற் பணிபுரிந்த டோர்கஸ் றைலி என்னும் அம்மையாரும் அவர்தம் உதவியாளரும் இதனை அமைத்தனர். தகரப்பேணியில் அடைத்த காளான் சூப், அரைக் கோப்பை பால், ஒரு தேக்கரண்டி சோயாச் சாறு, சிறிது மிளகுதூள், அவித்த போஞ்சிக்காய் நான்கு கோப்பை, பொரித்த வெங்காயம் ஆகிய ஆறே பொருள்கள். யாவற்றையும் கலந்து போறணையில் 25 நிமிடம் வைத்து, எஞ்சிய வெங்காயத்தை மேலே தூவி, மீண்டும் 5 நிமிடம் வைத்தால் வேலை முடிந்தது.

இனி மறுப்பாளர் கூற்றைக் கேட்போம். "இது பாட்டி பேத்திக்குச் சொன்ன பக்குவமன்று, 1934 முதல் விற்றுவந்த காளான் சூப்பை மேலும் விற்றற்கு வணிகர் செய்த உபாயம்" என்பர் அவர். இக்குற்றச்சாட்டு மெய்யே. தன் காளான் சூப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் இப்பண்டத்தினுள்ளேயே செல்கின்றதென்று அந்நிறுவனமே பெருமையோடு கணக்குச் சொல்லியுள்ளது. காய் குழைந்துவிடும், உப்பு மிகும் என்பதும் பொய்யன்று.

ஆனால், வணிகன் கைபட்டது விருந்துக்காகாது என்னும் விதியைக் கொண்டால், அத்திருநாளையே தள்ளிவைக்க நேரும். 1863இல் லிங்கன் செய்த பிரகடனத்தை அடியொற்றி, நவம்பர் மாதக் கடைசி வியாழனே நன்றி நவில் நாளாக இருந்துவந்தது. 1939இல் அம்மாதத்துக்கு ஐந்து வியாழன்கள் வாய்த்தன. நத்தார் வியாபாரத்துக்கு நாள் போதாதென்று கடைக்காரர் முறையிட, சனாதிபதி ரூஸ்வெல்ற் திருநாளை ஒரு கிழமை முன்தள்ளி 23ஆந் திகதிக்கு மாற்றினார். மாநிலங்கள் சில ஏற்றன, சில மறுத்தன. ஒரே நாட்டில் இரு திருநாள்! 1941இல் இயற்றிய சட்டத்தாலேயே நான்காம் வியாழன் என்பது உறுதிப்பட்டது. நாளையே நகர்த்திய வணிகத்தைப் பொறுத்துக்கொண்டவர், ஒரு பேணிச் சூப்பைப் பொறுக்கமாட்டாமை விந்தையே.

பழமையை உரைகல்லாகக் கொள்வார்க்கும் விடையுண்டு. 1621இல் பிளிமத்திற் குடியேறியோர் கொண்டாடிய அறுவடை விருந்தையே முதல் விருந்தென்பது அந்நாட்டு வழக்கு. அதனைப்பற்றி எட்வேர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்திற் காண்பன, வேட்டையிற் கொண்ட பறவைகளும், மசசோயிற் என்னும் தலைவனோடு வந்த வம்பனோக் குடியினர் கொணர்ந்த ஐந்து மான்களுமே. உருளைக்கிழங்கு அங்கில்லை, பூசணிப் பணியமும் இல்லை. பின்வந்தோர் ஒவ்வொன்றாகச் சேர்த்தவையே இன்றைய பந்தி. அவரையினமோ, சோளத்தோடும் பூசணியோடும் ஒரே பாத்தியில் அம்மண்ணின் பழங்குடியினர் வளர்த்தது. பண்டம் புதிதாயினும் காய் அந்நிலத்துக்கு அந்நியமன்று. (அப்பழங்குடியினரின் வழிவந்தோர் பலர் 1970 முதல் அந்நாளைத் துக்க நாளாகவே பிளிமத்தில் அனுட்டித்து வருகின்றனர். விருந்தைப்பற்றிப் பேசுவோர் இதனை மறைத்தல் தகாது.)

எனினும், இப்பண்டத்துக்கு நான் வழக்குரைப்பது வணிகத்தையோ பழமையையோ பற்றியன்று, அடுக்களையைப் பற்றி. அன்று வைகறையில் எழுந்து வான்கோழியைப் போறணையிலிட்டவள் பல மணி நேரம் அதனைக் காத்து நிற்றல் வேண்டும். போறணை ஒன்று, பண்டமோ பத்து. நவம்பர் இறுதியில் வடமாநிலத் தோட்டங்களில் உறைபனி. கொடியிற் பச்சைக் காய் ஏது? அந்த வேளையில், முதல்நாளே கலந்து வைத்து, வான்கோழி வெளிவந்து ஆறும் இடைவேளையில் உள்ளே தள்ளி, அரை மணியில் எடுக்கக்கூடிய ஒன்று கிடைப்பின் அதன் அருமை அவளுக்கே தெரியும். பத்து வயதுச் சிறுமியையும் செய்யச் சொல்லலாம். தனியே வாழும் முதியவரும், சமையலறியா மாணவனும் வெறுங்கையோடு செல்லாமல் ஒரு தட்டை ஏந்திச் செல்லலாம். உண்பவன் நாவை மட்டும் எண்ணி விருந்தை அளப்பவர், ஆக்குபவளின் காலுளைவை எண்ணுவதில்லை. இவ்வழக்கில் மறுப்புரைப்போர் பெரும்பாலும் பரிமாறப்பட்ட பின்னர் வந்து அமர்வோர் என்பது என் ஐயம்.

பேணியை விலக்கி, புதுக்காளானை வதக்கி, பாலேடு சேர்த்துச் சாறு காய்ச்சி, காயை நிறங் கெடாது அவித்து இதனைத் திருத்திச் செய்வாரும் உளர். சுவை மிகும், மறுக்கவில்லை. ஆயின் எளிமைக்காகப் பிறந்ததை அருமைப்படுத்திய பின், எளியவர்க்கு வேறொன்று தேடவேண்டிவரும். உப்பைக் குறைக்கலாம், காயைப் புதிதாகவும் இடலாம். அதற்குமேல் திருத்தம் வேண்டாமென்பேன். பந்தியின் நடுவிடத்தை அது கேட்கவில்லை. ஓரத்தில் இருக்கும் இடத்தைப் பறித்தலும் நியாயமன்று.

அதனை ஆக்கிய அம்மையாரைப்பற்றி ஒரு சொல். டிரெக்சல் கல்லூரியில் மனையியல் கற்று 1947இற் பட்டம் பெற்றவர் டோர்கஸ் றைலி. 1949இற் கம்பெல் நிறுவனத்திற் சேர்ந்தார். அச்சமையற்கூடத்தில் அவர் ஆக்கிப் பார்த்த உணவுகள் எத்தனையோ. அதனால், பின்னாளில் இப்பண்டத்தைப்பற்றி வினவியபோது தாம் அதனை அமைத்தமையே முதலில் அவர் நினைவுக்கு வரவில்லையாம். 2018இல், தமது 92ஆம் வயதிற் காலமானார். 2002ஆம் ஆண்டில் அவருடைய மூலக் குறிப்பட்டையை அந்நிறுவனம் தேசியப் புத்தாக்குநர் மண்டபத்துக்கு வழங்கிற்று. எடிசனின் பெயரை முதற்பெயராகப் பொறித்த மண்டபம் அது.