வாய் மூடிய பெட்டியும் வாய் திறந்த தவிலும்

நல்ல தவிலுக்கும் நல்ல ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் உள்ள வேற்றுமை யாதென வினவினால், ஒரே வரியில் விடை கூறிவிடலாம். தவிலின் மரம் பாட வேண்டும். ஒலிபெருக்கியின் மரம் வாய் மூடியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பலாமரத்தைக் கொண்டு செய்யலாம் என்பதே இதிலுள்ள விந்தை. வீட்டிலிருந்தே நல்ல சங்கீதம் கேட்க விரும்பும் குடும்பத்தினரும், கைத்தொழிலில் நாட்டமுள்ள மாணவரும் இவ்வேற்றுமையை உணர்ந்துகொண்டால், வீண் செலவும் ஏமாற்றமும் பெரிதும் குறையும்.

மாத்தளை மாவட்டத்துத் தமிழ் மக்களின் செவி, முழக்கத்துக்குப் பழகிய செவி. மாசி மகத்தையொட்டி ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும்போது நாதஸ்வரமும் தவிலும் முழங்கக் கேட்டவர்கள் அவர்கள். காமன் கூத்துக் காலத்தில் தோட்டத்துத் தப்பின் ஓசை மலைச்சரிவுகளில் மோதித் திரும்புவதையும் அறிந்தவர்கள். மெய்யான ஓசையை நேரிற் கேட்டவருக்கு, அதனை ஒரு கருவி எவ்வளவு உண்மையாகத் திருப்பித் தருகிறது என்று தீர்ப்புக் கூறும் தகுதி இயல்பாகவே உண்டு.

அண்மையில், மாத்தளை நகரையடுத்த ஓர் இல்லத்தில், உள்ளூர்த் தச்சர் ஒருவர் கைவேலையாகச் செய்த இரு சிறு பெட்டிகளை ஒரு மாலைப்பொழுது முழுவதும் கேட்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. புத்தகத் தட்டில் அடங்கக்கூடிய பெட்டிகள். உயரம் ஓர் அடிக்குச் சற்று மேல். உட்கூடு பிளைவூட் பலகை. வெளி முகப்பு மட்டும் பலா. கூம்புகள் கடையில் வாங்கியவை. ஏனையவெல்லாம் உளியும் இழைப்புளியும் செய்த வேலை.

பெட்டி எதற்கு?

காந்தத்தின் நடுவே தொங்கும் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது, சுருளும் அதனோடு ஒட்டிய கூம்பும் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகின்றன. இந்த அமைப்பை நடைமுறைக்கு உகந்தவாறு வகுத்து 1925ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தவர்கள், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவர். அதே ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்க பொருத்தம்.

கூம்பு முன்புறம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்புறம் இழுக்கிறது. இவ்விரு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஓசைகள் காணாமற் போகும். பின் அலையை அடைத்து வைக்கவே பெட்டி வேண்டியதாயிற்று. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த துராஸ் என்பவர், பின் அலையை ஒரு துவாரத்தின் வழியே பயன்படுத்தும் முறைக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். 1954இல் எட்கார் வில்ச்சூர் என்ற அமெரிக்கர், இறுக மூடிய சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக அமைத்துக் காட்டினார். அலுமாரி போன்ற பெரும் பெட்டிகள் செய்த வேலையைச் சிறு பெட்டியும் செய்யலாம் என்ற நம்பிக்கை அதன் பின்னரே பரவியது.

ஆனால், அடைபட்ட ஓசை பலகையை அதிரச் செய்யுமானால் பெட்டியும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். அப்போது எந்தப் பாடகர் பாடினாலும் ஒரே தொண்டைதான் கேட்கும். இதற்குத் தடித்த பலகையே மருந்து என்று பலர் எண்ணுவர். 1970களில் பிபிசி நிறுவனம் தனது வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்கென எல்எஸ் 3/5ஏ என்னும் சிறு பெட்டியை வகுத்தபோது வேறு வழியை நாடியது. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரமும் 19 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட அப்பெட்டிக்கு மெல்லிய பேர்ச் மரப் பிளைவூட்டே போதுமானதாயிற்று. உட்புறம் ஒட்டிய கனத்த பட்டைகள் அதிர்வை விழுங்கின. மனிதக் குரலை இயல்பாக எடுத்துரைப்பதில் அது பெயர் பெற்றது.

நாம் கேட்ட பெட்டிகளைச் செய்த தச்சரும் உள்ளே குறுக்குச் சட்டங்கள் பொருத்தி, இலவம்பஞ்சை அளவாக இட்டிருந்தார். பலாப்பழத்தைத் தட்டிப் பருவம் அறிவதுபோல் பெட்டியை விரற்கணுவால் தட்டிப் பார்த்தோம். கணீரென்று ஒலிக்காமல் ‘தொப்’பென்று அடங்கியது. நற்குறி!

கேட்டதும் உணர்ந்ததும்

முதலில் ஓர் உரையைக் கேட்டோம். பேசுபவர் பெட்டிக்குள் அடைபட்டிருப்பது போலன்றி, இரு பெட்டிகளுக்கும் நடுவே கதிரை போட்டு அமர்ந்திருப்பது போன்ற உணர்வு ஏற்பட்டது. அடுத்து, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்களின் தவில். வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் கூரிய ஓசையும், தொப்பியில் கழி எழுப்பும் ஆழ்ந்த ஓசையும் ஒன்றோடொன்று குழம்பாமல் பிரிந்து நின்றன. தவிலுக்கு இரு முகங்கள் இருப்பது போலவே இப்பெட்டிக்கும் இரு கூம்புகள்: பெரியது தாழ்ந்த ஓசைக்கு, சிறியது உயர்ந்த ஓசைக்கு. எது எவ்வழிச் செல்ல வேண்டுமென்று பிரித்தனுப்பும் சிறு மின்சுற்று உள்ளே இருக்கிறது.

குறையையும் மறைக்கலாகாது. நொடிக்கு 50 அதிர்வுள்ள ஓசையின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். அத்துணை நீண்ட அலையைச் சிறு கூம்பு பெரும் வலுவோடு எழுப்ப இயலாது. தேர்வீதியில் தவில் நம் நெஞ்சிலேயே இடிக்குமன்றோ? அந்த இடி இங்கு இல்லை. ஓசையைக் கூட்டியபோது நாதஸ்வரமும் சற்றுத் திணறியது.

இறுதியாக, அவ்வீட்டு இளைஞர் ஒருவர் தோட்டத்தில் கைப்பேசியிற் பதிவு செய்திருந்த தப்பிசை. முன்னாளில் தப்படித்த முதியவர் ஒருவரும் எம்முடன் அமர்ந்திருந்தார். அப்பதிவைக் கைப்பேசியிலேயே பலமுறை கேட்டவர் அவர். ஒருநாளும் கருத்துக் கூறியதில்லையாம். இம்முறை அரை நிமிடத்துக்குள் கையை உயர்த்தினார்.

“தோல் காயலையே தம்பி! இன்னுங் கொஞ்சம் நெருப்புல காட்டியிருக்கணும்.”

இளைஞர் வியப்புற்றார். பதிவு செய்த அந்திப்பொழுதில் மழை தூறியதாம்; நெருப்பு சரியாகப் பற்றவில்லையாம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி விழுங்கிவிட்ட செய்தியை, வாய் மூடிய பெட்டி சொல்லிவிட்டது. அதன்பின் முதியவர், தோலை எவ்வளவு காய்ச்ச வேண்டும், எந்த அடிக்கு எந்தப் பதம் வேண்டும் என்று நெடுநேரம் விளக்கினார். வீட்டுப் பிள்ளைகள் சூழ்ந்திருந்து கேட்டனர்.

வீட்டாருக்குச் சில குறிப்புகள்

பெட்டி பாதி, அறை பாதி. சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஓசையைத் திருப்பியடிக்கும். ஒரு பாயும் தடித்த திரைச்சீலையும் அதைக் கணிசமாகத் தணிக்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஓசை அளவுக்கு மீறி வீங்கும். சற்று முன்னே இழுத்து வைப்பது நன்று. சிறு கூம்பு அமர்ந்திருப்பவரின் செவிமட்டத்தில் இருக்கட்டும். இரு பெட்டிகளுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்து நமக்குள்ள தூரமும் சமமாயின் சாலச் சிறப்பு. நமது ஈரக் காற்றில் கூம்பின் விளிம்பிலுள்ள நுரைப்பொருள் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். ஆதலால் இறப்பர் விளிம்புள்ளதையே வாங்குதல் நலம்.

இன்று பெரும்பாலான வீடுகளில் ஒவ்வொருவரும் தத்தம் செவியில் தனித்தனியே கருவியைச் செருகிக்கொள்கின்றனர். அதில் வசதி உண்டு. ஆயினும், பாட்டனார் கேட்டுத் திருத்தவும் பேரன் கேட்டுக் கற்கவும் ஓசை அறையின் நடுவே பொதுவில் நிற்க வேண்டும். தப்பும் தவிலும் அறிந்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அவ்வாறு கேட்டுவிடுதல் நன்று.

ஒலிபெருக்கி வாங்கச் செல்லும் அன்பர்கள், விலைச்சீட்டைப் பார்க்குமுன், நேரிற் கேட்டுப் பழகிய ஓசையின் பதிவொன்றைக் கையோடு கொண்டு செல்க. உடன் அவ்வோசையை அறிந்த முதியவர் ஒருவரையும் அழைத்துச் செல்க.