பட்டாவுக்கு ஒரு மாவட்டம், பஞ்சாயத்துக்கு இன்னொரு மாவட்டம்: இளையரசனேந்தல் எழுப்பும் கேள்வி

பட்டா மாத்தணுமா? தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டி தாலுகா ஆபீஸ். தெருவிளக்கு, குடிநீர் பிரச்னையா? தென்காசி மாவட்டம், குருவிகுளம் ஊராட்சி ஒன்றியம். இளையரசனேந்தல் குறுவட்ட மக்கள் ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் அலைந்தார்கள்.

என்ன நடந்தது?

ஒருகாலத்தில் ஜமீனாக இருந்த ஊர் இது. பிறகு சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்தது. 2008-ல் குறுவட்டம் கோவில்பட்டி தாலுகாவுக்கு மாறியது. ஆனால், அதன் 12 ஊராட்சிகளும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டன. 2019-ல் நெல்லையிலிருந்து தென்காசி பிரிந்தபோது, குருவிகுளம் அந்தப் பக்கம் போனது. ‘ஊராட்சிகளையும் கோவில்பட்டி ஒன்றியத்தில் சேருங்கள்’ என்று மக்கள் போராடினார்கள். தேர்தல் புறக்கணிப்பு அறிவிப்பு வரை போனார்கள்.

இதில் தத்துவம் எங்கே வருது?

‘நம்மை யார் ஆளணும்னு முடிவு பண்றது யாரு?’ ஐரோப்பிய அறிவொளிக் கால சிந்தனையாளர்களின் மையக் கேள்வியே இதுதான். ஆளப்படுபவர்களின் சம்மதம்தான் ஆட்சிக்கு அடிப்படை என்று 1689-ல் எழுதினார் ஜான் லாக். சட்டம் மக்களின் பொதுவிருப்பத்திலிருந்து வரவேண்டும் என்றார் ரூசோ (1762).

அந்த மரபில் வந்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். உள்ளாட்சி என்பது குடிமக்களுக்கான பள்ளிக்கூடம் என்பது அவர் கருத்து (1861). ஆனால், இந்தியா பிரதிநிதித்துவ ஆட்சிக்கு இன்னும் தயாராகவில்லை என்றார். 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர்!

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

1882-ல் வைஸ்ராய் ரிப்பன் கொண்டுவந்த தீர்மானம், உள்ளாட்சியை அரசியல் கல்விக்கான கருவியாகவே பார்த்தது. 1884-ல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. மாவட்டம், தாலுகா, கிராம அளவில் அமைப்புகள் உருவாயின. ஆனாலும் ஓட்டு சிலருக்குத்தான். நியமன உறுப்பினர்களும் கலெக்டரின் பிடியும் தொடர்ந்தன.

நம்மகிட்ட குடவோலை இருந்ததே?

இருந்தது. 10-ம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டுகளே சாட்சி. ஆனால் அது பிராமணர் சபை. நிலம், சொந்த வீடு, வேத அறிவு இருந்தால்தான் பெயரே ஓலையில் ஏறும். எல்லோருக்கும் சம உரிமை என்பது அதன் அடிப்படை அல்ல.

இப்போது என்ன நிலை?

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. கிராம சபைக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனால், ஓர் ஊராட்சி எந்த ஒன்றியத்தில் இருக்கணும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மாநில அரசிடம்தான். கிராம சபை தீர்மானம் போடலாம், அவ்வளவுதான்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கு இருக்கு; எல்லைக்கோட்டில் மட்டும் அவர்கள் சம்மதம் கட்டாயமில்லை. லாக் சொன்ன ‘சம்மதம்’ எதுவரை செல்லும் என்பதே இளையரசனேந்தல் எழுப்பும் கேள்வி.