வகுப்பறைத் தொட்டியில் மீன்குஞ்சு வளர்ப்பு

வகுப்பிலே கண்ணாடித் தொட்டி வைக்கப்போவதாகவும் மீன் கொண்டுவருமாறு ஆசிரியர் கேட்டதாகவும் சிறுவன் வீட்டிற் கூறுகின்றான். மறுநாட் காலையில் வயல் வாய்க்காலிற் பிடித்த மீனும் ஒரு வாளி நீரும் பாடசாலையை அடைகின்றன. இரண்டொரு கிழமையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. நோய் என்பர் சிலர்; கண்ணூறு என்பாரும் உளர். வாளியையும் நீரையும் எவரும் ஐயுறுவதில்லை.

பூச்சிநாசினி கலந்த வாளி எத்தனை முறை அலசப்பட்டிருப்பினும் மீனுக்கு ஆகாது. மணம் தெரியாத அளவு எச்சமும் குஞ்சுகளைக் கொல்லப் போதியது. ஆதலின் கமக்காரர் மீனுக்கெனப் புதிய வாளியொன்றைப் பாடசாலைக்கு உதவுதல் நன்று. மருந்து தெளித்த வயலின் வாய்க்காலிலிருந்து நீரோ மீனோ எடுத்தலும் தவறு. தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுவோர் அங்குள்ள மீனுக்கும் இதே தீங்கைச் செய்கின்றனர்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியில் 10 அங்குலம் நீர் விட்டால் ஏறக்குறைய 47 லீற்றர் கொள்ளும். நீரின் பாரம் மட்டுமே 47 கிலோகிராம் ஆகையால் மேசை உறுதியாயிருத்தல் வேண்டும். குழாய் நீராயின் குளோரீன் நீங்கும்படி அகன்ற பாத்திரத்தில் இரண்டு நாள் வெயிலில் வைக்கலாம். ஆழ்கிணற்று நீரையும் ஒரு நாள் காற்றாட வைத்தே ஊற்றுக.

இனி நீரைப் பழக்குதல். மீனின் கழிவிலிருந்தும் தின்னாது விட்ட உணவிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. மணலில் வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். புதிய தொட்டியில் அவை போதியளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அதுவரை இரண்டு சிறு மீன்களுக்கு மேல் விடலாகாது. நன்கு நடைபெறும் பழைய தொட்டியின் மணலில் ஒரு பிடி இட்டால் காலம் குறையும். தயிருக்கு உறை இடுவது போன்றதே இது.

குஞ்சு வளர்ப்புக்குத் திலாப்பியா ஏற்றது. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவில் தாய்மீன் முட்டைகளை வாயிலே அடைகாக்கும். வீட்டுச் சீமெந்துத் தொட்டியில், தொண்டை புடைத்து இரை தின்னாது ஒதுங்கி நிற்கும் மீனைக் கண்டால் வலையால் அள்ளாது, நீரோடு பாத்திரத்தில் முகந்து மெல்லக் கொண்டுசெல்க. வெருண்டால் முட்டைகளைத் துப்பிவிடும். ஏறத்தாழ இரு கிழமைக்குள் குஞ்சுகள் வெளிவரும். பின்னரும் சில நாட்கள், நிழல் பட்டால் அவை தாயின் வாய்க்குள் ஓடி ஒளிவதை மாணவர் காணலாம். கண்ணாடியைத் தட்டாதிருக்க அவர்களைப் பழக்குவதே ஆசிரியருக்குப் பெரும்பாடு. குஞ்சுகள் தாமாக மேயத் தொடங்கியதும் தாயை அகற்றுக.

நுண்ணிய சல்லடையில் அரித்த தவிடும், துணியிற் பிழிந்த அவித்த முட்டை மஞ்சட்கருவும், குளத்து நீர்த்தெள்ளும் இரையாகும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு இருமுறை இடுதல் போதும். உணவிட ஒரு மாணவனையே பொறுப்பாக்குக. முப்பது பிள்ளைகளும் அன்போடு ஒவ்வொரு சிட்டிகை இட்டால் மறுநாள் நீர் நாறும்.

ஒரு தாயிடமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் வரலாம். இத்தொட்டியோ ஓரங்குலக் குஞ்சு பத்துப் பன்னிரண்டையே நன்றாகத் தாங்கும். இங்கேதான் இரக்கம் கெடுதியாய் முடிகின்றது. பிரிக்க மனமின்றி எல்லாவற்றையும் வைத்திருப்பின் நீர் நஞ்சாகும். பிழைப்பனவும் குறளாகி, சிறிய அளவிலேயே முட்டையிடத் தொடங்கும். ஆகவே அரை அங்குலம் வளருமுன்னரே மிகுதியை மாணவரின் வீட்டுச் சீமெந்துத் தொட்டிகளுக்குப் பங்கிடுக. அங்கே அவை நுளம்புக் குடம்பிகளையும் தின்னும். ஆற்றிலோ ஓடையிலோ விடலாகாது. உள்ளூர் மீன்களின் இடத்தையும் இரையையும் திலாப்பியா கவர்ந்துகொள்ளும்.

கிழமைதோறும் நீரில் காற்பங்கை மாற்றுக. நீக்கிய நீரில் பயிருக்கேற்ற நைத்திரேற்று உண்டு. அதைக் கத்தரி, மிளகாய் நாற்றுமேடைக்கு ஊற்றலாம். வேலை தவணை தொடங்கியவுடன் ஆரம்பிக்கப்படல் வேண்டும். ஓகஸ்ட் விடுமுறையிற் பூட்டிய வகுப்பறையில் மீனுக்கு இரையிட எவருமிலர். அக்காலத்தில் அவற்றை ஏற்க அயலிலுள்ள கமக்காரர் ஒருவரை முன்கூட்டியே கேட்டுவைத்தல் வேண்டும்.