மலையகத்து முதுமை – 9: தராசும் தொலைபேசியும்

முதியவர்களுக்குப் புதிய யந்திரங்கள் ஒத்துவரா என்ற அபிப்பிராயம் பட்டணத்தில் பிறந்தது. அதை அப்படியே மலையேற்றிக் கொண்டுவந்து, இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ, தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்து இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் தலையில் கட்டுவது நியாயமாகாது. அவர் தம் ஆயுளில் கண்ட மாறுதல்கள் கொஞ்சமல்ல. இறாத்தலில் நிறுத்த தேயிலைக் கொழுந்தைக் கிலோவில் நிறுக்கத் தொடங்கினார்கள். 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் கம்பெனித் தோட்டம் அரசாங்கத் தோட்டமாயிற்று. 1992ல் அதன் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. விரலால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியால் வெட்டச் சொன்ன இடங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் பழகிக்கொண்டார். சம்மதமா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை.

சென்ற வாரம் விடியற்காலைப் பெரட்டை, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் கூட்டத்தைப், பற்றி எழுதினேன். அங்கே தொடங்குகிற நாளுக்குத் தீர்ப்புச் சொல்வது தராசு. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற அளவை எட்டினால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), எட்டாவிட்டால் அரைப்பேர். அந்த நிறையிலும் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு போகும். முள் ஆடும் பழைய தராசில் அந்தக் கழிவு கண்ணுக்காவது தெரிந்தது. இப்போது சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்திருக்கிறது. இலக்கம் பளிச்சென்று தோன்றுகிறது, தானாகவே கணக்கிலும் ஏறிக்கொள்கிறது. கழிவைப் பற்றிய சச்சரவோ தீர்ந்தபாடில்லை. வேலைக்கு வந்ததைப் பதிய விரல்ரேகை யந்திரம் வைத்த இடங்களில், தேயிலைக் கறையும் வெடிப்பும் ஏறித் தேய்ந்துபோன விரலை அந்த யந்திரம் சில வேளை அடையாளம் கண்டுகொள்ள மறுக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்த ஒருவர் புதிதாக வரும் எந்தக் கருவியையும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பாரானால், அதை நான் விவேகம் என்றே சொல்வேன்.

விஞ்ஞானத்தின் நற்பலன்கள் இம்மலைகளுக்கு வந்துசேர்ந்த வரிசையும் விசித்திரமானது. பொறியியலாளர் விமலசுரேந்திரவின் நெடுநாள் முயற்சியின் பலனாக லக்ஷபான மின்நிலையம் 1950ல் இயங்கத் தொடங்கி, இந்த மலைகளின் நீர் கொழும்பு வீதிகளை ஒளிரச் செய்த பிறகும், அணைகளுக்கு அண்மையிலேயே இருந்த லயங்களில் பல வருஷங்களுக்குக் குப்பிலாம்புதான் எரிந்தது.

ஆனால் கைத்தொலைபேசியின் கதை வேறு. அதன் அருமையை உணர வேண்டுமானால் தோட்டத்துக் கடிதம் பட்ட பாட்டை அறிந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது, யார் கையில் வரும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வந்த பிறகும், எழுத்தறியாத தாய்க்கு அதை வாசித்துக் காட்ட இன்னொருவர் வேண்டும். பதில் எழுதவும் ஒருவர் வேண்டும். மகளின் கஷ்டத்தைத் தாய் அறியும் முன்பே லயம் முழுவதும் அறிந்துவிடும்.

இத்தனைக்கும் இம்மலையகத்தவரைப் போல் கடிதத்துக்கு ஏங்கியவர்கள் வேறெவரும் இருந்திருக்கமாட்டார்கள். 1964 அக்டோபர் 30ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்து வருஷங்களுக்குப் பிறகு இரு நாடுகளும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டன. அண்ணன் ஒரு கரையிலும் தங்கை மறு கரையிலுமாக, தலைமன்னார் போகும் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற ரயிலில் ஏறிப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. போனவர்களில் அநேகர் நீலகிரியிலே, கூடலூரிலும் கோத்தகிரியிலும், மறுபடியும் தேயிலைச் செடியின் முன்னேதான் போய் நின்றார்கள். 1984ல், தலைமன்னாரிலிருந்து போன ராமேசுவரம் கப்பலும் நின்றுபோயிற்று.

இன்று அந்த அண்ணனின் முகம் வாட்ஸ்அப்பில் தெரிகிறது. கூடலூரில் மழையா, நானுஓயாவில் பனியா, அங்கே நாள் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் ஆற அமரப் பேசப்படுகின்றன. எழுத்தறியாமை இங்கே பெரிய இடையூறாயில்லை. ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசி விரலை எடுத்தால் குரல் போய்விடுகிறது. யார் யார் என்பதைப் பெயரால் அறியாவிட்டாலும் படத்தால் அறிந்துகொள்கிறார்கள். கொழும்புக் கடையில் வேலை செய்யும் பேரன் தீபாவளிக்கு வந்தபோது, “அம்மாயி, பச்சையைத் தொட்டா எடுக்கிறது, செவப்பைத் தொட்டா வைக்கிறது” என்று சொல்லிக்கொடுத்த ஒரே பாடத்தோடு, மற்றதைத் தாமே தடவித் தடவிக் கண்டுபிடித்த ஒரு கிழவியை எனக்குத் தெரியும். ‘சிக்னல்’ கிடைக்கும் பாறை எது, மழை நாளில் எந்த மூலையில் நின்றால் பேச்சு அறுபடாது என்பவற்றில் பேரனுக்கே அவர்தாம் வழிகாட்டி. காரியாலயத்தின் கையைத் தாண்டாமல் அவரிடம் நேரே வந்த முதற்கருவி இது. பழகுவதற்கு அதுவே போதிய காரணமாயிற்று.

அதே கிழவிதான், சேமலாப நிதிப் பணம் வந்து சேர்ந்த வங்கிக் கணக்கின் அட்டையைப் பேரன் கையில் கொடுத்து, இரகசிய இலக்கத்தையும் உரக்கச் சொல்லி ஹட்டனுக்கு பஸ் ஏற்றி விடுகிறார். வங்கியிலிருந்து தொலைபேசிக்கு வரும் செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அவர் பேரனையே கேட்க வேண்டியிருக்கிறது. ஊரார் வாசித்த கடிதத்தின் நிலைமை இங்கே பணத்துக்கு வந்திருக்கிறது. அந்த அட்டையின் விவகாரத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன்.