வாடகை வீடும் வலைத்தளமும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் நம் முன்னோர்கள். வாடகைக்கு ஜாகை தேடிப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

தர்மபுரிக்கு உத்தியோக மாற்றலாகி வரும் குடும்பஸ்தர் இன்று கைப்பேசியிலேயே வீடு தேடுகிறார். அறைகளின் படங்களும் சதுர அடிக் கணக்கும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் அடுப்படியை ஆளுகிறவர் முதலில் கேட்பது, "தண்ணீர் எப்படி?" என்பதுதான்.

இந்த ஜில்லாவில் அது சாமானியக் கேள்வியன்று. பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதை வருஷக் கணக்கில் பருகும் குழந்தைகளின் பற்களில் கறை படியும், எலும்புகளும் கெடும். காய்ச்சினாலும் அது நீங்காது. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆகவே, "தண்ணீர் வசதி உண்டு" என்று தளத்தில் போட்டால் போதாது. ஆழ்துளைக் கிணற்று நீரா, காவிரி நீரா, எத்தனை நாளுக்கொரு முறை வரும் என்று தமிழிலேயே தெளிவாகச் சொல்லவேண்டும். வாடகைக்குப் பக்கத்திலேயே முன்பணமும் தெரியட்டும். 2019-ல் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதையும் அங்கேயே நினைவூட்டலாம்.

கேட்கவேண்டியதைக் கேளாமலே சொல்லும் தளமே நல்ல தளம். அதை அமைக்க முற்படும் இளைஞர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: கூடத்தின் படத்தைப் பிறகு காட்டுங்கள்; குழாயின் சங்கதியை முதலில் சொல்லுங்கள்!